தாலாட்டும் தெரிவும்: அரூர் வட்டாரத்தை முன்னிறுத்தி உறக்கப் பாடல் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையை உறங்கவைக்க எப்பாடலைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவைத் தமிழ்த் தாலாட்டின் அமைப்பு வழி நின்று இக்கட்டுரை விளக்குகிறது. வாய்மொழித் தாலாட்டில் தெரிவு என்பது முழுப் பாடலைத் தெரிவதன்று. பாடும்பொழுதே கண்ணிகளையும் சொற்களையும் தெரிவதாகும். தாலாட்டின் ஓசை குழந்தையையும் அதன் சொற்பொருள் வீட்டாரையும் சென்றடைகின்றன. பெண்மகவின் பிறப்பும் வாழ்வும் நெடுநாள் கேள்விக்குள்ளான தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டாரத்தை முன்னிறுத்திப் பார்க்கையில் இத்தெரிவு கூடுதல் பொருள் பெறுகிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தாலாட்டு, வாய்மொழி மரபு, கண்ணி, தெரிவு, பெண்மகவு, அரூர்.

முன்னுரை

இரவில் குழந்தைக்கு எப்பாடலைப் பாடுவது என்பது இல்லறத்தின் எளிய வினாவாகத் தோன்றும். முற்காலத்தில் இவ்வினா எழவே இல்லை எனலாம். தாயும் பாட்டியும் தாம் கேட்டு வளர்ந்ததைப் பாடினர்; நினைவில் இல்லாத இடத்தைத் தம் சொல்லால் நிரப்பினர். இன்றோ கைப்பேசியில் எண்ணற்ற பாடல்கள் கிடைக்கின்றன. எனவே, தெரிவு என்பது பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் செயலாகச் சுருங்கியுள்ளது. இம்மாற்றத்தின் தன்மையை உணர, தாலாட்டு எவ்வாறு அமைந்துள்ளது, அதில் தெரிவு எங்கே நிகழ்கிறது என்பவற்றை முதலில் காண்டல் வேண்டும்.

தாலாட்டு: சொல்லும் எழுத்து மரபும்

‘தால்’ என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் குழந்தையை உறங்கச் செய்தலின் தாலாட்டு எனப்பட்டது என்பர். ராராட்டு, ஆராட்டு, ஓராட்டு, தொட்டில் பாட்டு முதலிய வழக்குகளும் வட்டாரந்தோறும் உள்ளன. இப்பெயர்களுள் பெரும்பாலானவை ஒலியையே சுட்டுகின்றன. பாடலின் பொருளைக் கொண்டன்றி அதன் ஒலியைக் கொண்டு மக்கள் இவ்வகையை இனங்கண்டனர் என்பதற்கு இது சான்றாகும்.

எழுத்து இலக்கியத்தில் பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் எட்டாம் திருமொழியில் இராமனைத் தாலாட்டுகிறார். அதற்கு முந்தைய ஏழாம் திருமொழி, கண்ணனைப் பெற்றும் வளர்க்கப் பெறாத தேவகியின் புலம்பலாக அமைந்துள்ளது. தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்காமையைத் தன் இழப்பாக அவள் சொல்கிறாள். அடுத்தடுத்து அமைந்த இவ்விரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தாலாட்டு குழந்தையின் தேவை மட்டுமன்று. பாடுபவளின் உரிமையும் ஆகும். பின்னர்த் தோன்றிய பிள்ளைத்தமிழ், பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வகுத்துக்கொண்டது.

இம்மரபு முழுவதும் ‘யாரைப் பாடுவது’ என்னும் தெரிவின்மேல் நிற்கிறது. இறைவனும் அரசனும் குழந்தையாகப் பாடப்பெற்றனர். இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு இயற்றினார். மூடப்பழக்கம் மண்டிய சமூகத்தை மாற்ற வந்தவளாகப் பெண்மகவை அவர் போற்றினார். தாலாட்டின் வடிவத்தை மாற்றாமல் அதன் பொருளை மட்டும் தெரிந்து மாற்றியதே இங்குக் கருதத்தக்கது.

ஓசை குழந்தைக்கு, சொற்பொருள் வீட்டாருக்கு

உறங்கப்போகும் குழந்தைக்குச் சொற்பொருள் விளங்குவதில்லை. அண்மைக்கால ஆய்வுகள் இதனை வேறொரு வழியில் உறுதிப்படுத்துகின்றன. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 86 சிறு சமூகங்களின் பாடல் துணுக்குகளை 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேர் கேட்டனர். மொழியும் பண்பாடும் அறியாத நிலையிலும் அவர்களால் தாலாட்டைப் பிற வகைப் பாடல்களிலிருந்து பெரிதும் பிரித்தறிய முடிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அறியாத மொழித் தாலாட்டைக் கேட்ட கைக்குழந்தைகளின் இதயத்துடிப்பு, பிற பாடல்களைக் கேட்ட வேளையைவிடக் குறைந்து காணப்பட்டது. ஆகவே, உறக்கத்தைத் தருவதில் ஓசைக்கே முதலிடம் எனக் கொள்ளலாம்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 92-ஆம் பாடல் இங்கு நினைக்கத்தக்கது. மழலை யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் அறிய வாராது. எனினும் தந்தையர்க்கு அருளைச் சுரக்கும் என்பது அதன் கருத்து. தகடூர் இன்றைய தருமபுரியாகும். பொருள் விளங்காத ஒலி வழியே அன்பு செல்லும் என்னும் கருத்து இம்மண்ணைச் சார்ந்த பாடலிலேயே உள்ளது. தாலாட்டில் இவ்வுறவு எதிர்த்திசையில் நிகழ்கிறது. இங்குப் பெரியவர் ஒலி எழுப்புகிறார். பொருள் அறியாக் குழந்தை அமைதி கொள்கிறது.

குழந்தைக்கு விளங்காத சொற்கள் யாருக்காகப் பாடப்படுகின்றன? பாடுபவளுக்காகவும், சுவருக்கு அப்பால் கேட்டிருக்கும் மாமியார், நாத்தனார், கணவர் ஆகியோருக்காகவும் எனலாம். நேரில் சொல்ல இயலாத குறையைத் தாய் தொட்டிலின் முன் சொல்கிறாள். பிறந்தகப் பெருமையும் புகுந்தகக் குறையும் தாலாட்டில் மிகுதியாக இடம்பெறுவதற்கு இதுவே காரணமாகும். தாலாட்டும் ஒப்பாரியும் வாய்பாட்டுத் தொடர்களைப் பகிர்ந்துகொள்வதும் இதனால்தான். இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. 1928-இல் ஸ்பானியத் தாலாட்டுகளைப் பற்றி உரையாற்றிய கவிஞர் லோர்கா, குழந்தையின் முதல் உறக்கத்திற்குத் துயரம் மிக்க பாடல்களைத் தம் நாடு தெரிந்துகொண்டதை வியந்தார். வறிய பெண்களிடம் பிறந்த அப்பாடல்கள் பணிப்பெண்கள் வழியே செல்வர் இல்லங்களை அடைந்தன என்றும் அவர் விளக்கினார்.

தாலாட்டின் உள்ளமைப்பு

நாட்டுப்புறத் தாலாட்டு பெரும்பாலும் இரண்டடிக் கண்ணிகளால் ஆனது. ஆராரோ என்பது போன்ற ஒலிக்குறிப்பில் தொடங்கி, கண், பொன், முத்து எனக் குழந்தையை விளிக்கும். பின்னர், அடித்தவர் யார் என உறவினரை ஒவ்வொருவராக வினவும் பகுதி வரும். குழந்தை வேண்டித் தாய் நோற்ற நோன்பு, ஆடிய தீர்த்தம், வணங்கிய தெய்வம் ஆகியவற்றைக் கூறும் பகுதி வரும். தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசை நீண்ட அடுக்காக அமையும். இறுதியில் மீண்டும் ஒலிக்குறிப்பு வரும்.

இப்பகுதிகளுக்குக் கட்டாயமான வரிசை இல்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்து நிற்கவல்லது. குழந்தை விரைவில் உறங்கினால் நான்கு கண்ணிகளோடு நிறுத்தலாம். உறங்காவிடின் சீர்வரிசையை நீட்டலாம். மேலும், ஒவ்வொரு கண்ணியிலும் நிலையான சொற்கள் சிலவும், இடத்திற்கேற்ப மாறும் சொற்கள் சிலவும் இருக்கும். ஊர், ஆறு, தெய்வம், பயிர், மாமனின் தொழில் ஆகியவை அத்தகைய மாறிடங்கள். தீர்த்தமாடிய செய்தி வருமிடத்தில் அரூர் வட்டாரத் தாய் ஒருத்தி தீர்த்தமலையை வைத்துப் பாடலாம். இராமன் வழிபட்டதாகத் தலமரபு கூறும் அம்மலையில் இராமர், அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி ஆகிய பெயர்களில் தீர்த்தங்கள் உள்ளன; கண்ணிகளை ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்க்க இவ்வைந்து பெயர்களே போதும். ஆறு வருமிடத்தில் தென்பெண்ணையும் வாணியாறும், மலை வருமிடத்தில் சித்தேரியும் பொருந்தும். இவ்வாறு மாறிடத்தை நிரப்புதலே வாய்மொழித் தாலாட்டில் நிகழும் உண்மையான தெரிவாகும்.

பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என 1958-இல் பதிப்பித்ததும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இல் வெளிவந்ததும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. எனினும், தொகுப்பில் அச்சான பாடம் ஒருநாள் ஒருவர் பாடிய வடிவமே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. கைப்பேசிப் பதிவுக்கும் இது பொருந்தும். பதிவு பாடலைக் காக்கிறது. மாறிடத்தை அடைத்தும் விடுகிறது.

தொட்டில்: தருமபுரியில் ஒரு சொல்லின் இரு பொருள்

தொட்டில் என்னும் சொல் தருமபுரி, சேலம் மாவட்டங்களில் வேறொரு பொருளையும் பெற்றுள்ளது. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்குடன் தமிழக அரசு 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க விரும்பாத பெண்மகவைப் பெற்றோர் அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல இத்திட்டம் வழிசெய்தது. 2001-இல் இது தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் 1000 பேருக்குப் பெண்குழந்தைகள் 2001-இல் 826 பேர் இருந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவ்வெண் 913 ஆக உயர்ந்தது. உயர்வு குறிப்பிடத்தக்கது, எனினும், இடைவெளி நீங்கவில்லை.

இந்நிலைக்குத் தாலாட்டைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. வரதட்சணை, நிலவுடைமை, கருவின் பாலினம் அறியும் கருவி முதலியவையே நேர்க் காரணங்கள். ஆயினும், ஒரு வீட்டில் நாள்தோறும் உரக்க ஒலிக்கும் சொல்வடிவம் தாலாட்டே ஆகும். அதனை வீட்டார் அனைவரும் கேட்கின்றனர். நோன்பிருந்து ஆண்மகவைப் பெற்றதாகப் பாடும் கண்ணியைப் பெண்மகவு கிடக்கும் தொட்டிலின் முன் பாடினால், அது பாடலின் மரபு மட்டுமன்று. அவ்வீட்டார் கேட்கும் தீர்ப்பும் ஆகிவிடுகிறது. அதே கண்ணியின் மாறிடத்தில் மகளை வைத்து, தவமிருந்து பெற்றது இவளையே எனத் தாய் பாடுவாளாயின், மாமியாரும் கணவரும் கேட்க அவள் ஒரு நிலைப்பாட்டை அறிவிக்கிறாள். ஓசை மாறாமையால் குழந்தையின் உறக்கத்திற்குக் குறைவில்லை.

சீர்வரிசைப் பகுதியும் இவ்வாறே நோக்கத்தக்கது. மாமன் கொண்டுவரும் பொன்னும் பட்டும் பிறந்தகத்தின் ஆதரவைப் பறைசாற்றுகின்றன. அதே பகுதி, பெண்ணைப் பெற்றவர் வாழ்நாள் முழுதும் ஏற்கவேண்டிய செலவின் பட்டியலாகவும் அமைகிறது. அங்கே ஏடும் எழுதுகோலும் இடம்பெறலாம். குலப்பெருமையும் பிறரைத் தாழ்த்தும் குறிப்பும் வரும் அடிகளுக்கும் இந்நோக்கே பொருந்தும்.

தெரிவுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றால் சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, பாடுபவரின் மொழி. தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக உள்ளன. தெலுங்கில் லாலி, கன்னடத்தில் ஜோகுள எனத் தாலாட்டு வழங்குகிறது. பெற்றோர் வேலைதேடி வெளியூர் செல்லும் குடும்பங்களில் தொட்டிலை ஆட்டுபவர் பாட்டியே. அவர் நாவில் இயல்பாக வரும் மொழியே தாலாட்டுக்குரியது.

இரண்டாவது, நீட்டவும் குறைக்கவும் ஏற்ற அமைப்பு. தூளியின் அசைவோடு ஒத்துச்செல்லும் மெதுவான நடையும், ஏற்ற இறக்கம் குறைந்த மெட்டும் வேண்டும். மெட்டு தாலாட்டாகவே பிறந்திருக்க வேண்டியதில்லை. 2013-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்றில், 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் பயன்படுத்தப்பட்டவற்றுள், பெற்றோர் தாமே விரும்பித் தெரிந்து தாலாட்டு நடைக்கு மாற்றிய பாடலும் ஒன்று. திரைப்பாடலையும் இசைக்கருவியின்றி மெல்லப் பாடினால் இந்நெறிக்குள் அடங்கும்.

மூன்றாவது, சொற்பொருள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அப்பொருள் பொருந்துகிறதா எனப் பாடுபவர் நோக்குதல் வேண்டும். பொருந்தாவிடின் மாறிடத்தை மாற்றுதல் வேண்டும்.

நான்காவது, துயரக் கண்ணிகள். குழந்தைக்கு ஆகாது எனக் கருதி இவற்றை நீக்குதல் தேவையற்றது. அவை தாயின் பேச்சு. குழந்தையின் உறக்கத்தை அவை கெடுப்பதில்லை.

மரபுப்பாடலை மாற்றுவது மரபைச் சிதைப்பதாகாதா என்னும் வினா எழலாம். இங்கு ஆவணத்தையும் வழக்கையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. களத்தில் பதிவுசெய்த பாடத்தைத் தொகுப்பாளர் மாற்றலாகாது. ஆண்மகவை உயர்த்தும் அடியாயினும் உள்ளவாறே பதிப்பித்தல் வேண்டும். பாடுபவருக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. மாற்றிப் பாடுதலே வாய்மொழித் தாலாட்டின் மரபு.

முடிவுரை

வாய்மொழித் தாலாட்டில் தெரிவு பாடலுக்கு வெளியே இல்லை; கண்ணிகளின் மாறிடங்களில் உள்ளது. ஓசை குழந்தையை உறங்கவைக்க, சொற்பொருள் வீட்டாரோடு பேசுகிறது. கைப்பேசிப் பாடல் முதற்பணியை ஓரளவு செய்யவல்லது; இரண்டாம் பணியை அதனால் செய்ய இயலாது. அரூர் வட்டாரத் தாலாட்டுகளைத் தொகுக்க முற்படுவோர் பாடத்தை மட்டும் பதியாமல், பாடியவர் யார், தொட்டிலில் இருந்தது ஆண்மகவா பெண்மகவா, உடனிருந்து கேட்டவர் யார் என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். ஒரே பாட்டி பேரனுக்கும் பேத்திக்கும் பாடிய இரு வடிவங்களை அருகருகே வைத்து நோக்கினால், இக்கட்டுரை கூறும் தெரிவின் இயல்பு களச்சான்றுடன் தெளிவுபெறும்.