பத்துச் சதமீற்றர் விதி

பழக்கத்தின் பாதை – 11

சென்ற கிழமை, ஒரு வேலையைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் செய்துவந்தால் அது பழக்கமாகப் படியும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, மொன்றியலில் கார்ட்டியர்வில் பக்கம் இருக்கும் ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர்.

“தம்பி, நீங்கள் எழுதின விடிய ஆறு மணி, இந்தக் கிழமை நான் பஸ்ஸுக்குள்ள இருக்கிற நேரம். போன கிழமை இரவு வேலை. அந்த நேரம் ஆச்சிமாருக்கு உடுப்பு மாத்திக்கொண்டு நிண்டனான். வாற கிழமை என்ன ஷிப்ட் எண்டு இன்னும் சொல்லேல்லை. நான் எதை எந்த நேரத்துக்கு வைக்கிறது?”

மறுக்க முடியாத கேள்வி. பழக்கம் பற்றிக் கடையில் வாங்கும் புத்தகங்களில் முக்கால்வாசி, தன் பொழுதைத் தானே பிரித்துக்கொள்ளக்கூடிய ஆளுக்காக எழுதப்பட்டவை. விடிய எழும்பு, தியானம் செய், நாட்குறிப்பு எழுது, அதே மணிக்கு ஓடு என்று அவை சொல்லும். உணவகச் சமையலறையில் நிற்பவருக்கும், களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றுபவருக்கும், கூப்பிட்டால்தான் வேலை என்று தொலைபேசியைப் பார்த்தபடி இருப்பவருக்கும் அப்படியொரு நாள் கிடையாது. புலம்பெயர்ந்த எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் இந்த வகை. அதனால் இந்தக் கிழமை, நேரம் தன் கையில் இல்லாதவர் எப்படி ஒரு பழக்கத்தைப் பிடித்து வைப்பது என்பதை மட்டும் பார்ப்போம்.

இதற்குப் பாடம் படிக்க இந்த வட்டாரமான அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லை விட்டு வெளியே போகத் தேவையில்லை. குளிர்காலத்தில் யன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாலே போதும்.

மொன்றியலில் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீற்றர் பனி கொட்டும். எந்த நாளில், எவ்வளவு என்று நவம்பரில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மாநகராட்சி பனி அள்ளுவதற்கு நாட்காட்டியில் நாள் குறிப்பதில்லை. எவ்வளவு சேர்ந்தால் என்ன செய்வது என்பதைத்தான் குறித்து வைத்திருக்கிறது. வழுக்கத் தொடங்கினால் உப்பும் சரளையும் தூவ வேண்டும். இரண்டரைச் சதமீற்றர் சேர்ந்தால் ஓரம் தள்ளும் வண்டிகள் வெளிக்கிட வேண்டும். 10 முதல் 15 சதமீற்றர் சேர்ந்தால் அள்ளி லொறியில் ஏற்றும் வேலை தொடங்கும். எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால் வரிசையும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வீதி, பஸ் போகும் பாதை, மருத்துவமனை வாசல் முதலில் வரும். குடியிருப்புத் தெரு பிறகுதான்.

அள்ளும் நாள் வந்தால் தெருவோரம் செம்மஞ்சள் பலகை முளைக்கும். விடிய ஏழு முதல் பின்னேரம் ஏழு வரையா, பின்னேரம் ஏழு முதல் விடிய ஏழு வரையா, தெருவின் எந்தப் பக்கம் கார் நிற்கக்கூடாது என்று அதில் இருக்கும். நேரம் வந்ததும் இழுவை வண்டி சைரன் அடித்தபடி வரும். அந்தச் சத்தத்துக்கு எழும்பி, பிஜாமாவுக்கு மேல் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து காரை எடுக்காத ஆள் இந்த ஊரில் இல்லை. பிறகு நடைபாதையை வழிக்கும் குட்டி வண்டி, அதன் பின்னே குவியலை உறிஞ்சி ஊதும் இயந்திரம், அருகே நகர்ந்தபடி நிரம்பும் லொறி. ஒன்று நிரம்பிப் போக, அடுத்தது அந்த இடத்துக்கு வந்து நிற்கும். 2025 பெப்ரவரியில் நான்கு நாளுக்குள் இரண்டு புயல் அடித்து 70 சதமீற்றருக்கு மேல் கொட்டியபோது, அள்ளி முடிக்க நாள் கணக்கில் இழுத்தது. சனம் திட்டியது, திட்டியதில் நியாயமும் இருந்தது. ஆனால் எந்தத் தெருவில் தொடங்குவது என்று அன்று யாரும் கூடி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அக்காவுக்கு நான் சொன்னதும் இதைத்தான்: மணிக்கூட்டை விட்டுவிட்டு நிபந்தனையைப் பிடியுங்கள். எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் ஒரு நாளில் தவறாமல் நடக்கிற காரியங்கள் சில இருக்கின்றன. பஸ்ஸில் ஏறுவது, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவது, முதல் தேத்தண்ணி ஊற்றுவது. ‘பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் இறங்கும்வரை பிரெஞ்சுப் பாடம்.’ ‘வேலை முடிந்து வந்தால், சப்பாத்தைக் கழற்றுமுன் ஒருமுறை தெருவைச் சுற்றி வருவது.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதை உளவியலாளர் பீற்றர் கொல்விட்சர் நீண்டகாலம் ஆராய்ந்தவர். வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைப்பவரைவிட, இப்படி வகுத்துக்கொண்டவர் காரியத்தை முடிப்பது அதிகம் என்று அவருடைய ஆய்வுகளும் பின்வந்த பலருடைய ஆய்வுகளும் காட்டின.

நேரத்தை இறுக்கிப் பிடிப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஜோன் பெஷியர்ஸ், கேற்றி மில்க்மன் முதலானோர் கூகுள் நிறுவன ஊழியர் சுமார் 2,500 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் பணம் என்று இரண்டு கூட்டத்துக்குச் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்கு, தாங்களே விரும்பிச் சொன்ன நேரத்தை ஒட்டிய இரண்டு மணித்தியாலத்துக்குள் போனால்தான் பணம். மற்றக் கூட்டத்துக்கு, எந்த நேரம் போனாலும் பணம். பணம் நின்ற பிறகு, கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது கூட்டத்தார். முதற் கூட்டத்தாருக்கு அந்தக் குறித்த நேரத்தில் பிடிப்புச் சற்று அதிகமாகவே இருந்தது. ஆனால் அந்த நேரம் தவறினால் பெரும்பாலும் அன்று போகவே இல்லை. மற்றவர்கள் காலை தவறினால் பின்னேரம் போனார்கள். நேரம் நிலையாக வாய்த்தவர்கள் அதை விடக்கூடாது. அது பெரிய கொடுப்பினை. அவர்களுக்கும் ‘தவறினால் எப்போது’ என்ற இரண்டாவது வரி ஒன்று வேண்டும்.

அந்த இரண்டாவது வரியில் இடமும் அடங்கும். அஹுன்ட்சிக்கில் இருப்பவர்களுக்குப் பிறெரி ஆற்றங்கரை ஒரு வரம். விசித்தாசியோன் தீவுப் பூங்காவில், 1726இல் அணை கட்டி மாவரைத்த ஆலைகளின் இடிபாட்டைத் தாண்டி நடப்பது, இந்த ஊரில் எனக்குப் பிடித்த நடை. ஆனால் ஆறும் நம் சொற்கேட்டு ஓடுவதில்லை. 2017 மே மாதம் பிறெரி ஆறு பெருகி, கார்ட்டியர்வில் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மே 7ஆம் திகதி மொன்றியல் அவசரநிலை அறிவித்தது. 2019 வசந்தத்திலும் அதே கதை. வெள்ளம் இல்லாத ஆண்டிலும் டிசம்பரில் பின்னேரம் நாலேகாலுக்கே இருண்டுவிடும், ஜனவரியில் வழுக்கும். நடை நிற்கக்கூடாது என்றால் கூரைக்குக் கீழே இன்னோர் இடத்தை ஒக்ரோபரிலேயே பார்த்து வைக்க வேண்டும். 1976 ஒலிம்பிக்கில் நீர்ப்பந்தும் கைப்பந்தும் நடந்த குளோட் ரொபியார் விளையாட்டு வளாகம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. உள்ளே நீச்சல் தடாகமும் ஓடுதளமும் உண்டு. கடுங்குளிர் விழுந்த பிறகு யோசிப்பவர், பெரும்பாலும் வசந்தத்தில்தான் மறுபடி நடக்கத் தொடங்குகிறார்.

அளவும் அப்படித்தான். இரண்டரைச் சதமீற்றருக்கு ஒரு வேலை, பதினைந்துக்கு ஒரு வேலை என்று தெருவுக்கு இருப்பதுபோல உங்கள் இலக்குக்கும் இரண்டு அளவு வையுங்கள். நல்ல நாளில் நாற்பது நிமிட நடை. இரட்டை ஷிப்ட் அடித்த நாளில் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தையும் செய்த நாளாகவே கணக்கில் எழுதுங்கள். அதுவும் முடியாத நாள் வரும். அதற்காக மனம் சோரத் தேவையில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு கிழமை கவனித்த ஆய்வில், பழக்கம் படிய எடுக்கும் என்று மதிப்பிட்ட காலம் ஆளுக்காள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது, படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ‘இருபத்தொரு நாள்’ என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கை நம்பி, இருபத்திரண்டாம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிட்டவர்கள் பாவம்.

இனி நித்திரை. ஷிப்ட் மாறுகிறவருக்கு முதலில் குலைவது அதுதான். நித்திரை குலைந்தால் மற்ற எந்தப் பழக்கமும் நிற்காது. குவென் வீதியில் இருக்கும் சக்ரே-கேர் மருத்துவமனையைப் பலருக்குப் பிரசவ வார்ட்டாலோ அவசர சிகிச்சைப் பிரிவாலோ தெரியும். உலகத்தில் நித்திரை ஆராய்ச்சி செய்வோருக்கு அது வேறொரு காரணத்துக்காகத் தெரியும். மருத்துவர் ஜாக் மொன்பிளெசிர் அங்கே தொடங்கிய நித்திரை ஆய்வுகூடம், இன்று கனடாவின் முக்கியமான நித்திரை ஆராய்ச்சி மையங்களில் ஒன்று. இரவு வேலை செய்பவர்களுடைய உடற்கடிகாரத்தை வெளிச்சம் எப்படித் தள்ளுகிறது என்பதும் அங்கே ஆராயப்பட்டது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது கண்ணில் விழும் விடியல் வெளிச்சம், உடம்புக்குப் பகல் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடும். வழியில் கறுப்புக் கண்ணாடி, படுக்கை அறைக்குத் தடித்த திரைச்சீலை என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் நான் அந்த அக்காவிடம் சொன்னது இன்னும் பழைய ஓர் ஆய்வை. 1981இல் மான்செஸ்டரில் டேவிட் மைனர்ஸ், ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ் என்ற இருவர், நித்திரையை இரண்டாக உடைத்துப் பார்த்தார்கள். நான்கு மணித்தியாலம் தினமும் ஒரே நேரத்தில். மிச்ச நான்கு மணித்தியாலம் ஒழுங்கற்று எப்போது வேண்டுமானாலும். அந்த நிலையான நான்கு மணித்தியாலமே உடம்பின் தாளத்தை 24 மணித்தியாலத்தில் பிடித்து வைத்திருந்தது. அதற்கு அவர்கள் நங்கூர நித்திரை என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். நாள் முழுவதும் ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு அசையாமல் இருந்தால் மற்றது அசையலாம். பகலும் பின்னேரமும் மாறி மாறி வேலை செய்பவர், இரவு ஒரு மணி முதல் ஐந்து மணிவரை எந்தக் கிழமையும் படுக்கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரவு வேலை செய்பவர், லீவு நாளிலும் காலை எட்டு முதல் பன்னிரண்டுவரை படுக்கலாம்.

அக்கா கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். “எனக்கு மூண்டு ஷிப்ட்டும் வருதே, தம்பி. எந்த நாலு மணித்தியாலமும் பொருந்தேல்லை.”

உண்மை. மூன்று ஷிப்ட்டும் முன்னறிவிப்பில்லாமல் சுழன்றால் எந்த நங்கூரமும் பிடிக்காது. பழக்கம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மனவுறுதி பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அது அநியாயம். மொன்றியலில் மன அழுத்தம் பற்றி ஆராயும் சோனியா லூபியன், உடம்பில் அழுத்த ஹோர்மோனைக் கிளப்பும் நான்கு காரணங்களை எடுத்துச் சொல்பவர். புதுமை, எதிர்பாராமை, தன்மதிப்புக்கு வரும் அடி, நிலைமை தன் கையில் இல்லை என்ற உணர்வு. ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் வந்து விழும் அட்டவணையில் எதிர்பாராமையும் இருக்கிறது, கையில் எதுவும் இல்லை என்ற உணர்வும் இருக்கிறது. நாமே விரும்பி இன்றைக்கு வேறு தெருவால் நடந்து பார்ப்போம் என்று போவது மனதுக்கு உற்சாகம். வேறொருவர் நம் வாழ்க்கையைக் கிழமைக்குக் கிழமை குலைத்துப்போடுவது அப்படியில்லை. இரண்டையும் ‘மாற்றத்துக்குப் பழகு’ என்ற ஒரே அறிவுரைக்குள் அடக்கக்கூடாது.

பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கும் இப்படி நடந்தது. 2024 இலையுதிர் காலத்தில் நிதி போதாது என்று கியூபெக்கின் பல இடங்களில் அரசாங்கப் பிரெஞ்சு வகுப்புகள் நிறுத்தப்பட்டன. வகுப்பை மட்டும் நம்பியிருந்தவர்களுடைய படிப்பு அந்தக் கிழமையோடு நின்றது. குற்றம் அவர்களுடையதில்லை. ஆனாலும் பஸ்ஸில் பாடம் கேட்கும் வழக்கமும் கூட இருந்தவர்கள், வகுப்பு இல்லாத மாதங்களிலும் கொஞ்சமாவது கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு இலக்குக்கு இரண்டு கால் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அக்காவுக்குக் கடைசியாக ஒரு சட்டத்தைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். 2019 ஜனவரி 1ஆம் திகதி முதல், கியூபெக் தொழில் நியமச் சட்டத்தின்படி, வேலைக்கு வரவேண்டும் என்று குறைந்தது ஐந்து நாள் முன்னதாக அறிவிக்காவிட்டால் அந்த வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. எப்போதும் தயாராக இருக்க வேண்டிய தன்மையுள்ள வேலைகளுக்கும், வழமையான நேரத்தின் பின் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கும் மேலதிக வேலைக்கும், விவசாயத் தொழிலாளருக்கும் விலக்குகள் இருக்கின்றன. உங்கள் வேலை அதில் அடங்குமா என்று தொழிற்சங்கத்திடமோ தொழில் நியம அலுவலகத்திடமோ கேளுங்கள். அடங்காது என்றால், அடுத்த அட்டவணை வருமுன் மேலாளரிடம் போய், ஐந்து நாள் முன்னதாகத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் கூட வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)