கோவைகளும் துறையும்

கணினித் திரையை மேசையென்றும், அதில் எழுதி வைப்பனவற்றைக் கோவைகளென்றும், அவற்றை இட்டுவைக்கும் இடங்களை உறைகளென்றும் வழங்குவது ஓர் உருவகமேயாகும். சந்தைக்கு வந்த கணினிகளுள் இவ்வுருவகத்தை முதன்முதல் முழுமையாகக் காட்டியது, 1981இல் ஸெரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்’ ஆகும். கோவை என்னும் சொல்லை நம் அலுவலகங்களில் வழங்கும் பொருளிலேயே ஈண்டு ஆள்கிறேன். கோவைப் பிரபந்தம் பயின்றோர் பொறுத்தருள்க.

அம்மேசைக்கு இரண்டு உறுப்புக்கள் இன்றியமையாதன. ஒன்று, கோவைகளைக் காட்டவும் இடம்மாற்றவும் உதவும் கோவை முகாமையாளர் என்னும் செயலி. மற்றையது, அடிக்கடி ஆளும் செயலிகளின் சின்னங்கள் திரையோரத்தில் வரிசையாய் நிற்கும் ‘டொக்’. கப்பல் தரிக்கும் துறையைக் குறிக்கும் சொல்லாதலின் அதனைத் துறை என்றே வழங்குவோம். இவ்விரண்டையும் எங்ஙனம் அமைப்பது என்பது, லினக்ஸ் இயங்குதளத்துக்கெனப் பலர் கூடி ஆக்கும் திறந்த மூல மேசைத்தளங்களில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. யாருடைய நினைவுக்கும் யாருடைய கைப்பழக்கத்துக்கும் ஏற்ப அமைப்பது என்பதே அவ்வழக்கின் உள்ளீடு என்பது என் கருத்து.

1997இல் தொடங்கப்பெற்ற ‘க்னோம்’ மேசைத்தளத்தின் கோவை முகாமையாளருக்கு நோட்டிலஸ் என்று பெயர். அதனை ஆக்கிய ஈஸல் நிறுவனத்தில், மக்கின்ரோஷ் கணினியை உருவாக்கியோருள் ஒருவரான அன்டி ஹேர்ட்ஸ்ஃபெல்டும் பணிபுரிந்தார். 2001 மார்ச்சில் நோட்டிலஸின் முதற் பதிப்பு வெளிவந்தது; அவ்வாண்டு மே மாதத்திலேயே நிறுவனம் மூடப்பட்டது. மூலநிரல் யாவர்க்கும் உரியதாக வெளியிடப்பட்டிருந்தமையால், அது நிறுவனத்தோடு மாளவில்லை.

2004இல் வந்த க்னோம் 2.6 பதிப்பு ஒரு துணிவான முறையைக் கைக்கொண்டது. ஓர் உறைக்கு ஒரே சாளரம். அச்சாளரமோ முன்னர் விட்ட இடத்தில், விட்ட அளவிலேயே மீண்டும் திறக்கும். மனிதன் பொருள்களை இடத்தால் நினைவு கொள்கிறான் என்பதே இதன் அடிப்படை. மாடத்தில் வைத்த மூக்குக்கண்ணாடியை எவரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. கை தானே அங்குச் செல்லும். கருத்து அழகியதுதான். 1984இல் வந்த மக்கின்ரோஷும் இம்முறையிலேயே இயங்கிற்று. ஆனால் அதன் நெகிழ்வட்டு 400 கிலோபைற் மாத்திரமே கொள்வது. அச்சிறு வட்டிலுள்ள கோவைகளின் இடங்களை நினைவில் வைத்தல் எளிது. இருபது ஆண்டு கழித்து, உறைக்குள் உறையாய்ப் பெருகிவிட்ட களஞ்சியத்தில் ஐந்து படி இறங்கினால், திரையில் ஐந்து சாளரங்கள் சிதறிக் கிடந்தன. 2010இல், 2.30 பதிப்போடு, ஒரே சாளரத்துள் உலவும் முறை மீண்டும் இயல்பாயிற்று.

துறைக்கோ வேறு விதி. 1954இல் உளவியலாளர் போல் ஃபிற்ஸ் கண்டது அது: குறி சிறிதாகவும் தொலைவிலும் இருப்பின், கை அதனை எட்டும் நேரம் மிகும். சுட்டி திரையின் விளிம்பைத் தாண்டிச் செல்லாது. எவ்வளவு வேகமாகத் தள்ளினும் அங்கேயே நிற்கும். ஆதலால் விளிம்பில் நிற்கும் சின்னம், கண்ணுக்குச் சிறிதாயினும் கைக்குப் பெரிது. அழகு கருதிச் சின்னத்துக்கும் விளிம்புக்கும் இடையே வெறுமை விடுவோர், அவ்வெறுமையும் சொடுக்கை ஏற்குமாறு செய்தல் வேண்டும். இன்றேல் விளிம்பின் பயன் முழுவதும் போய்விடும். 1988இல் காட்சிக்கு வந்த நெக்ஸ்ட் கணினியில் துறை வலப்பக்க விளிம்பில் நின்றது. க்னோமோ 2011இல் வந்த மூன்றாம் பதிப்பில், கவனம் சிதறலாகாது எனக் கருதி, அதனைத் தனிக் காட்சியொன்றுக்குள் மறைத்தது. 2017இல் க்னோமுக்குத் திரும்பிய உபுண்டு, துறையை மீண்டும் இடப்பக்கத்தில் வெளிப்படையாக நிறுத்திற்று. உபுண்டு செய்ததே தக்கது என்பேன். எனினும் துறையில் எனக்கு ஒரு குறை உண்டு. தொடங்க விரும்பும் வேலையும் தொடங்கிவிட்ட வேலையும் அங்கே ஒரே சின்னமாய் நிற்கின்றன. இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறு புள்ளியே.

2012இல் நோட்டிலஸ் 3.6, ஒரு சாளரத்தை இரு கூறாக்கி இரண்டு உறைகளை அருகருகே காட்டும் வசதியை நீக்கியது. ஆக்குநர் பக்கத்து நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு வசதியும் சோதிக்கவும் பேணவும் ஆள் வேண்டுவது, ஆட்களோ சிலர். ஆனால் மாணவர் ஒப்படைகளை ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்கு மாற்றும் என்போன்ற ஆசிரியருக்கு அது கையையே வாங்கியது போன்றது. லினக்ஸ் மின்ற் குழுவினர் பழைய நிரலை எடுத்து, ‘நீமோ’ என வேறாக வளர்த்தனர். இரட்டைக் காட்சி அதில் உண்டு. விலைக்கு வாங்கும் மூடிய மென்பொருளில் முறைப்பாட்டோடு நின்றிருக்கும் விடயம், இங்கே இன்னொரு செயலியாயிற்று. உழைப்பு இரண்டாய்ப் பிரிந்ததும் உண்மையே.

தமிழில் பெயரிடுவோர்க்கு இன்னொரு வழக்கும் உண்டு. யூனிக்கோட் எண்களின்படி அடுக்கினால் ‘அழகு’ முன்னும் ‘அவன்’ பின்னும் வரும். ‘அனல்’ என்பதோ ‘அப்பம்’ என்பதற்கு முன் நிற்கும். நம் நெடுங்கணக்கு அதுவன்று. வகரத்தின் பின்னரே ழகரம். னகரமோ மெய்களின் இறுதி. லினக்ஸில் இவ்வடுக்கு முறையை வகுக்கும் விதிகள் மொழிவாரியாக எழுதப்பட்டுள்ளன. தமிழுக்கு இந்தியாவுக்கெனவும் இலங்கைக்கெனவும் தனித்தனிக் கோவைகள் உள. அவை எவரும் திறந்து வாசிக்கத்தக்க வெறும் உரைக்கோவைகள். பிழை கண்ட தமிழாசிரியர் திருத்தம் எழுதி அனுப்பலாம்.