தடுப்பூசிக்கு யார் முதலில்?

பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்து சென்றால், ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பமும் அதனையடுத்த மீனவக் குப்பங்களும் அமைந்துள்ளன. இவ்வூர்களில் ‘முறை’ என்னும் சொல் புதிதன்று. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றோர் ஏற்பாடு நெடுங்காலமாக நடந்து வருகிறது. நல்ல மீன்பாடுள்ள இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் எவருக்கும் பயனில்லை. ஆதலால் தலைக்கட்டுகளைக் கணக்கிட்டு, ஊரார் முன்னிலையில் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் என வகுத்துக்கொள்கின்றனர். பாட்டில் இடம்பெறாதவர்களுக்கு இம்முறையின் மீது மனக்குறை உண்டென்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பாட்டில் உள்ளவர் எவரும் தம் நாள் எதுவென்று ஐயுறுவதில்லை. சீட்டு எடுத்ததை அவரே கண்டிருக்கிறார்.

கொரோனா தடுப்பூசி வழங்கப்பட்ட 2021-ஆம் ஆண்டில் நாடெங்கும் மக்கள் சலிப்பும் குழப்பமும் அடைந்தமைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வரிசையில் நிற்க அவர்கள் மறுக்கவில்லை. வரிசையை யார், எதனால், எப்போது மாற்றுகின்றனர் என்பதுதான் விளங்கவில்லை.

தொடக்கத்தில் வகுத்த முறை நியாயமானதே. 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்க்கும், பிப்ரவரியில் காவலர், துப்புரவுப் பணியாளர் முதலிய முன்களப் பணியாளர்க்கும் ஊசி போடப்பட்டது. நோயாளியின் அருகில் நிற்பவரே முதலில் நோய்வாய்ப்பட்டால் மற்றவரைக் காப்பவர் யார்? மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்க்கும், 45 வயதுக்கு மேற்பட்டு வேறு கடும் நோயுடையவர்க்கும் வாய்ப்பு வந்தது. முதியோரிடையே இறப்பு மிகுதி என்பதே இதன் காரணம். ஆனால் 45 வயதுக்காரர் தம் நோய்க்கு மருத்துவரிடம் சான்று பெற்று வரவேண்டும் என்றும் விதித்தனர். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்மணிக்குச் சர்க்கரை நோய் இருப்பினும், அதற்குரிய தாள் எங்கிருந்து வரும்? ஏப்ரல் 1 முதல் 45 வயது நிறைந்த அனைவர்க்கும் என்று ஆனபோது இத்தொல்லை நீங்கியது.

மே மாதத்தில்தான் முறை குலைந்தது. 18 வயது நிறைந்தவர்கள் ஏப்ரல் 28 முதல் பெயர் பதியலாம், மே 1 முதல் ஊசி பெறலாம் என அறிவிப்பு வெளியாயிற்று. கையிருப்போ இல்லை. தமிழ்நாட்டில் இப்பிரிவினர்க்கு ஊசி போடும் பணி மே 20 அன்றுதான் திருப்பூரில் தொடங்கியது. நாள் குறித்துவிட்டுப் பொருளில்லை என்று சொல்வதைக் காட்டிலும், நாள் குறிக்காமலே இருந்திருக்கலாம் என்பது நமது கருத்து.

அன்றியும், இவ்வயதினர் கோவின் என்னும் இணையதளத்தில் முன்பதிவு செய்தே வரவேண்டியிருந்தது. ஒரு கைப்பேசி எண்ணில் நால்வர்வரை பதியலாம். எண்ணுக்கு வரும் கடவு இலக்கத்தை உடனே இடவேண்டும். இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். விடியுமுன் படகேறுகின்ற மீனவர் கடல்மேல் இருக்கும் நேரத்தில், நகரத்தில் அமர்ந்திருப்பவர் கிராம மையத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வது நாட்டின் பல பகுதிகளிலும் நிகழ்ந்தது. அத்தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே இருந்தது. மே 24 அன்று அரசு மையங்களில் நேரில் வருவோரையும் பதியலாம் எனத் தளர்த்தப்பட்டது. மே 31 நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றமும் இணைய வசதியற்றோர் நிலைபற்றி வினா எழுப்பியது. சென்ற நூற்றாண்டில் அம்மை குத்துபவர் வீடு தேடி வந்த காலத்தைக் கண்ட முதியோர், ஊசியை நாம் தேடிச் செல்வதா என்று வியந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் தவணையின் நாள் மாறியது மற்றொரு குழப்பம். கோவிஷீல்டு ஊசிக்கு இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச்சில் அது 8 வாரம்வரை நீண்டது. மே 13 அன்று 12 முதல் 16 வாரம். கோவாக்சினுக்கோ 28 நாள் கழிந்தால் போதும். இடைவெளி நீண்டால் பாதுகாப்பு வலுப்படுகிறது என்னும் அயல்நாட்டு ஆய்வுகளைக் காரணமாகக் கூறினர். ஊசி தட்டுப்பாடாக இருந்த நேரத்தில் இம்மாற்றம் வந்ததால், இல்லாமையை மறைக்கவே இவ்வாறு சொல்கின்றனர் என மக்கள் ஐயுற்றனர். குறித்த நாளில் வந்து திரும்பிச் சென்றவரிடம் காரணத்தைத் தமிழில், பொறுமையுடன் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

மையத்தில் மக்கள் அதிகம் சினந்தது, மருந்து இருந்தும் ‘பத்துப் பேர் சேரட்டும்’ என்று காக்க வைத்தபோதுதான். இதன் உண்மையை அறிந்துகொள்வது நலம். கோவிஷீல்டு சிறு குப்பி ஒன்றில் பத்துப் பேர்க்குரிய மருந்து, ஒருவர்க்கு அரை மில்லி வீதம் இருந்தது. குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும். எஞ்சியதை எறிந்துவிட வேண்டும். மூவருக்காகத் திறந்தால் எழுவர் பங்கு வீண். மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதால், எடுத்துச் செல்ல ஐஸ் பெட்டி தேவை. மீனவர்க்கு ஐஸ் பெட்டி பழகிய பொருளே. ஆனால் மீனைப்போல் இதனை உறையவிடலாகாது. உறைந்த மருந்து பயனற்றது. இவ்வளவையும் குப்பத்து வலைக்கூடத்தில் கால் மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

2021 ஜூன் 21 முதல் மைய அரசே கொள்முதல் செய்து மாநிலங்கட்கு இலவசமாக வழங்கியது. செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த முதல் பெருமுகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி பெற்றனர். பொருள் பெருகியவுடன் வரிசைச் சண்டை தானே ஓய்ந்தது. எனினும் இனியொரு தொற்று வருமாயின், முதல் மாதங்களில் பொருள் குறைவாகவே இருக்கும்.

அவ்வேளையில் பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடியவை சில உண்டு. குடும்ப அட்டைகளைக் கொண்டு முதியோர், நோயுடையோர் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியருடன் சேர்ந்து முன்னரே எழுதி, ஊரார் முன் படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளலாம். நோய் விவரத்தை மட்டும் உரக்கப் படித்தல் கூடாது; அது அவரவர் சொந்த விஷயம். பத்துப் பத்துப் பேராக டோக்கன் கொடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நேரம் குறித்தால் குப்பியும் வீணாகாது, ஒருவர் வராவிடில் அடுத்த எண்ணுடையவரை அழைக்கலாம். இன்று வந்த மருந்து எத்தனை பேர்க்கு, எந்த எண்வரை என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். மருந்து வராத நாளில் வரவில்லை என்பதையும் முந்திய மாலையே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். நேரம் குறிக்கையில், படகுகள் கரை சேர்ந்து மீன் ஏலம் முடிந்த பிறகே ஆண்கள் வரக்கூடும். மீன் விற்கச் செல்லும் பெண்கள் திரும்புவது அதற்கும் பின்னர். ஆகையால் இக்குப்பங்களில் காலை ஒன்பது மணி முகாமைவிடப் பிற்பகல் முகாமே பொருந்தும்.