சைடு வீலும் ஆர்.சி. புக்கும்

வண்டியை மாற்றி அமைப்பது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அலறும் சைலன்சரும் அகல டயரும்தான். அவை ஆசைக்குச் செய்பவை. கால் வராத ஒருவர் தன் ஸ்கூட்டரின் பின்பக்கம் இருபுறமும் சக்கரம் பொருத்திக்கொள்வது அந்த வகையே அல்ல. அது இல்லாவிட்டால் அவர் வேலைக்குப் போக முடியாது, கடை திறக்க முடியாது, பிள்ளையைப் பள்ளியில் விட முடியாது. ஆனாலும் நம் மோட்டார் வாகனச் சட்டம் நெடுங்காலம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் நிறுத்தது. காப்பீட்டு நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைத் தாண்டி மோட்டார் வண்டிக்கு வர மாற்றுத்திறனாளிகளுக்கு வழி திறந்துவிட்டது கியர் இல்லாத ஸ்கூட்டர். 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியர் மாற்ற வேண்டியதில்லை. மிச்ச வேலையை லேத் பட்டறைகள் பார்த்துக்கொண்டன. சேஸிக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு, அதை நிறுத்த கிளாம்போ வெல்டிங்கோ, இரு முனையிலும் ஒரு சிறு சக்கரம். அளவெல்லாம் கண்பார்வையில்தான். பக்கச் சக்கரம் ஒரு விரற்கடை தாழ்ந்துபோனாலும் பள்ளம் வரும் இடத்தில் நடுச்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். இழுவை முழுவதும் அந்த நடுச்சக்கரத்தில் இருப்பதால், அது அந்தரத்தில் சுற்ற, வண்டி நகராமல் நிற்கும். வளைவில் மற்ற ஸ்கூட்டரைப் போல இதைச் சாய்த்து ஓட்டவும் முடியாது. வேகத்தோடு திருப்பினால் வெளிப்பக்கமாகக் கவிழும். ஓட்டுபவர்கள் இதையெல்லாம் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வண்டிக்கு விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? ஆர்.சி. புக்கில் அது சாதாரண ஸ்கூட்டர். பாலிசி அந்த ஆர்.சி.யைப் பார்த்து எழுதியது. சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் குனிந்தால் அவர் கண்ணில் படுவது ஆர்.சி.யில் இல்லாத ஓர் இரும்புத் தண்டு. பதிவுக்கு மாறாக மாற்றப்பட்ட வண்டி என்று எழுதிவிட்டால் கிளெய்ம் சிக்கலாகிவிடும். முறைப்படி போயிருக்கலாமே என்று கேட்பது எளிது. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி எதைச் செய்தாலும் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். பட்டறையில் செய்த சைடு வீலுக்குச் சான்று எங்கே என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டால் பட்டறைக்காரரிடம் காட்ட எதுவும் இல்லை. எனவே பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை.

என்னை மிகவும் வருத்தும் செய்தி ஒன்று உண்டு. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அகில இந்திய மோட்டார் கட்டண விதிகளில் 12-வது எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் இணைப்புக் குறிப்பு), மாற்றுத்திறனாளிகளுக்காகவே வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளுக்கு உரியது. அவற்றின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில், 50 சதவீதம் தள்ளுபடி. பாதிக்குப் பாதி! நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாததால், சலுகை பெற வேண்டியவர் முழுப் பிரீமியமும் கட்டினார். விபத்தில் கிளெய்மும் கிடைக்காமல் நின்றார். ஒரே ஒரு பதிவு இல்லாததால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

சட்டம் முதலில் இறுகியது. 2000-ம் ஆண்டுத் திருத்தம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சைலன்சர் பிரியர்களுக்கு இது கசக்கும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் அதே திருத்தம் 52-வது பிரிவிலேயே ஒரு கதவையும் திறந்தது. மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி தன் வண்டியை மாற்றுபவர், விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ.விடம் ஒப்புதல் பெறலாம். முன்கூட்டியே அல்ல, பிறகு! தேவையை முதலில் வைத்து, காகிதத்தை அடுத்து வைத்த ஏற்பாடு இது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, வாகனங்களை மாற்றியமைப்பதற்கான திட்டங்களை அரசின் பொறுப்பாகவே சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் வண்டிப் பதிவுக்கான 20-ம் எண் படிவத்திலும் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்க இடம் வந்தது. தமிழ்நாட்டில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசே விலையில்லாமல் வழங்குகிறது. தண்டு நிறுத்திய பட்டறைகளின் இடத்துக்கு, சோதனை நிறுவனங்களின் சான்றோடு சைடு வீல் கிட் வருகிறது.

காப்பீட்டுப் பக்கமும் பெரிய மாற்றம் உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, இருசக்கர வண்டிக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 15 லட்சமானது. விழுந்தால் மற்றவரைவிட அதிகம் இழக்கக்கூடியவருக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும்.

கவனம் வேண்டிய இடங்கள் இன்றும் இருக்கின்றன. ஐந்து ஆண்டுப் பாலிசி கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு ஓன் டேமேஜ் பகுதி முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி., கம்பெனி விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடுவது. வெளியே பொருத்திய சைடு வீல் கிட் அதில் சேராது. அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லிப் பாலிசியில் ஏற்ற வேண்டும். 15 லட்சக் காப்பீடு செல்ல, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் அவசியம். மாற்றியமைத்த வண்டிக்கு அதற்கென உரிய வகையே இருக்கிறது. உரிமம் இல்லாமல் யார் மீதாவது மோதிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். பெட்டிக்கடை வருமானத்தில் அதை எப்படி அடைப்பது?

அன்று சைடு வீலைப் பற்றி வாய் திறக்காதே என்று சொன்ன ஏஜென்டுகள் உண்டு. இன்று வண்டி எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பாலிசி எடுக்கிறோம். அந்தத் திரையில் பெரும்பாலும் அதைச் சொல்லவே இடமில்லை. சட்டம் இறங்கி வந்த அளவுக்குக் காப்பீட்டு கவுன்ட்டர் இறங்கி வரவில்லை என்பதே என் எண்ணம். 12-வது எண்டார்ஸ்மென்ட் பல நிறுவனங்களின் பாலிசி வாசகத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சைடு வீல் ஸ்கூட்டர் இருந்தால், அதன் ஆர்.சி.யையும் பாலிசியையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் மாற்றம் ஏறவில்லை என்றால் கிட்டின் சான்றோடும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் ஏற்றுங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எண்டார்ஸ்மென்டையும் பாதிப் பிரீமியத் தள்ளுபடியையும் கேட்டு வாங்குங்கள்.