ஊன்றுகோல் தந்த ஊரும் ஒரு மிதிவண்டிப் பாதையும்

திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி, திருவாரூர் நினைவாகவே புறப்பட்டார் சுந்தரமூர்த்தி நாயனார். ஊர் எல்லையைக் கடந்ததும் அவருடைய இரு கண்களும் ஒளியிழந்தன. தடுமாறியபடியே வடதிருமுல்லைவாயிலைத் தொழுது, மேலும் மேற்கே நடந்து திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். 50 கிலோமீட்டருக்குக் குறையாத வழி அது. 'பெருமானே, கோயிலுக்குள் இருக்கிறீரா?' என்று அவர் கேட்க, அயலாரிடம் பேசுவதுபோல, 'இருக்கிறோம், நீர் போகலாம்' என்னும் பொருளில் விடை வந்தது. பார்வை வரவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் கிடைத்தது.

தோழமை உரிமையில் சுந்தரர் அக்கோலை வீசி எறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலவரலாறு கூறுகிறது. அம்பிகை மின்னலாய் ஒளிர்ந்து வழிகாட்டியதால் மின்னொளியம்மை என்று பெயர் பெற்றாள். பின்னர் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றதைப் பெரிய புராணம் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பழைய திருவெண்பாக்கம் இன்று நம் கண்ணுக்குத் தெரியாது. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944-ல் திறக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் ஊர் மூழ்கிவிட்டது. சுவாமியும் அம்பாளும் கரையில் எழுப்பிய புதிய ஆலயத்துக்கு எழுந்தருளினார்கள். ஊன்றீஸ்வரர் என்ற திருநாமத்தோடு பூண்டியில் அருள்பாலிப்பவர் இவரே.

இந்தத் தலத்தைக் காரில் வந்து தரிசித்துவிட்டு, அடுத்த அரை மணியில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளையும் சேவித்துத் திரும்புவோர் பலர். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் பூண்டிக்கு வடக்கே ஒரு பாதை இருக்கிறது. அதை மெதுவாகவே கடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருவள்ளூர் மாவட்டம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளும், கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓயாது விரையும் கன்டெய்னர் லாரிகளும்தான். அதே மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், பூண்டியிலிருந்து சீத்தஞ்சேரி வழியாக ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் 25 கிலோமீட்டர் அளவிலான சாலையில், விடியற்காலையில் சிறிது நேரம் ஒரு வண்டியும் கடக்காமல் இருக்கக் காணலாம். ஒருபுறம் ஏரியும் வயலும், பிறகு காப்புக்காடு. மேற்கே அல்லிக்குழி மலைத்தொடர். பெரிய மலைகள் அல்ல. ஆற்று நீரில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த, செம்மண் நிறப் பாறைக் குன்றுகள். சாலை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. மூச்சு வாங்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் யாரும் கேலி செய்யப் போவதில்லை. பார்ப்பதற்கே ஆள் கிடையாது.

என் வயதொத்த நண்பர்கள் சிலரோடு குளிர் மாதங்களில் இப்பாதையில் மிதிவண்டியில் செல்வதுண்டு. 'இந்த வயதில் சைக்கிளா?' என்று கேட்பவர்களிடம் நான் சுந்தரரின் கோலைத்தான் சொல்வேன். கால் தளர்ந்தவனுக்கு ஊன்றுகோல் எதுவோ, முழங்கால் தேய்ந்தவனுக்கு மிதிவண்டி அது. நடக்கும்போது உடலின் பாரம் முழுவதையும் கால்மூட்டு தாங்குகிறது. மிதிவண்டியிலோ பாரத்தின் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. மூன்று கிலோமீட்டர் நடக்க அஞ்சுபவர் பத்து கிலோமீட்டர் மிதித்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஜப்பானில் ஷிகோகு என்னும் தீவில் 88 கோயில்களை வலம் வரும் யாத்திரை ஒன்று உண்டு. சுமார் 1,200 கிலோமீட்டர். யாத்ரீகர் கையிலுள்ள கோலை, அவர்கள் போற்றும் மகான் கோபோ தாய்ஷியாகவே கருதுகிறார்கள். தனியே நடப்பவரும் இருவராக நடப்பதாகவே அவர்களின் நம்பிக்கை. இன்று அந்த வலத்தை மிதிவண்டியில் நிறைவேற்றுவோரும் இருக்கிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ தேவாலயத்துக்கு யாத்திரை செல்வோரில், நடப்பவர் கடைசி 100 கிலோமீட்டரையும், மிதிவண்டியில் வருபவர் 200 கிலோமீட்டரையும் கடந்தால் சான்றிதழ் தருகிறார்கள். மிதிவண்டி யாத்திரைக்கு இழுக்கு என்று அங்கு யாரும் எண்ணவில்லை. நமக்கு மட்டும் ஏன் தயக்கம்? அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் ஹெர்குலிஸ் வண்டியில் அலுவலகம் சென்று குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறைதானே நாம்!

பாதையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பூண்டிக்கு அப்பால் அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் கற்கால மனிதரின் கோடரிகளைக் கண்டெடுத்த இடம். அங்கு நடந்த பிற்கால அகழாய்வில், அக்கருவிகளுள் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-ல் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் குடியம் குகைகள். கூழாங்கல் பாறை கூரைபோல் கவிந்து நிற்கும் அந்தக் குகையில் கிராமத்தார் அம்மனை வழிபடுகிறார்கள். குகைவரை வண்டி போகாது. கல்லும் முள்ளுமான ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். முதியவர்கள் உள்ளூர்த் துணையின்றிப் போகலாகாது. சாலையில் நின்றபடியே அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டுச் செல்வதிலும் நிறைவு உண்டு. எத்தனை லட்சம் ஆண்டுகளாக இந்த மலையடிவாரத்தில் மனிதன் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறான் என்று எண்ணும்போது, நம் அறுபதும் எழுபதும் ஒரு வயதா என்று தோன்றிவிடும்.

புறப்பட விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். முதலில் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைக் கார் அல்லது வேனில் ஏற்றிப் பூண்டியில் இறக்கி, அங்கே சுவாமி தரிசனம் முடித்துத் தொடங்குவதே நலம். திருவள்ளூர் நகரத்து நெரிசலில் மிதிக்க வேண்டாம். ஏறி இறங்க எளிதான, நடுச்சட்டம் தாழ்ந்த வண்டியே ஆண்களுக்கும் ஏற்றது. 'லேடீஸ் சைக்கிள்' என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கியர் இருந்தால் ஏற்றத்தில் உதவும். இறக்கத்துக்கு முன் இரண்டு பிரேக்குகளையும் சோதித்துவிடுங்கள். வேட்டி செயினில் சிக்கும்; அதைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலில் மாற்றிக்கொள்ளலாம். பிரசாதப் பையைக் கேரியரில் வெளியே தெரிய வைத்தால் குரங்குகள் அதற்குக் கணக்கு எழுதிவிடும். மிதிக்க இயலாத வீட்டுப் பெரியவர்கள் வண்டியில் பின்னால் வர, பேரன் பேத்திகள் மிதித்து வரலாம். அதுவும் குடும்ப யாத்திரைதான்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். இந்த அமைதி என்றைக்கும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள், நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கிராமச் சாலைகளில் நுழைவது இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை ஏந்தி நடந்து செல்லும் பக்தர்கள் படும் பாட்டை அச்சாலையில் பார்த்தவர் மறக்கமாட்டார். தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலை அமைகிறது. கனரக வண்டிகள் அதில் போய்விட்டால் உட்சாலைகள் மறுபடி அமைதியாகலாம். அதற்கு, அவற்றை உட்சாலைக்குள் விடாத கண்டிப்பும் வேண்டும். கோயில்களுக்கு ராஜகோபுரமும் மண்டபமும் கேட்டு மனுக் கொடுக்கும் நாம், கோயிலுக்குச் செல்லும் சாலையோரம் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் நாலடி மண் பாதை கேட்டு ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா? ஊராட்சிக் கிராம சபைக் கூட்டங்களில் இதை எழுப்பலாம். முதியவர் சொன்னால் கேட்பார்கள்.

சீத்தஞ்சேரிக் காட்டைத் தாண்டினால் ஊத்துக்கோட்டை. அங்கிருந்து திருப்பதி செல்லும் பிரதான சாலையில் பேருந்துகள் பறக்கும். ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். நல்லவேளை, வெகுதூரமில்லை. ஆரணி ஆற்றங்கரையில், ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் பரமசிவன், அம்பிகையின் மடியில் தலைவைத்துச் சயனித்திருக்கும் பள்ளிகொண்டீஸ்வரர் சன்னிதி. சிவலிங்கமாக அன்றி, படுத்த கோலத்தில் அவரைக் காண்பது அரிது. பிரதோஷ நாளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். கால் வலியோடு வந்து சேர்ந்த எங்களில் ஒருவர், சயனித்திருக்கும் சுவாமியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவருக்கே அசதி உண்டு" என்றார். பிறகு மண்டபத்துத் தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.