ஒருவருக்கு ஒரு வாக்கு, பணத்துக்கு எத்தனை? தேர்தல் நிதியும் சிலராட்சியும் - ஒரு விளக்கம்

புதுதில்லி: நாட்டின் பெரும் செல்வந்தருக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கும் வாக்குச்சாவடியில் இருப்பது ஒரே வாக்குதான். ஆனால், வாக்குப்பதிவு முடிந்த பிறகு ஆட்சியாளர்களின் செவியை எட்டும் வாய்ப்பு இருவருக்கும் சமமாக உள்ளதா? தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்து 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் மையத்தில் இருந்தது இந்தக் கேள்வியே.

சிலராட்சி என்றால் என்ன?

அரசியல் அதிகாரம் செல்வம் படைத்த சிலரிடம் குவிந்திருக்கும் நிலையே சிலராட்சி (ஆலிகார்கி) எனப்படுகிறது. ஆட்சி செய்வோரின் எண்ணிக்கையைவிட அவர்களது செல்வமே இதன் அடையாளம் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விளக்கியுள்ளார். தேர்தல், நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகியவை முறையாக இயங்கும் நாட்டிலும், கொள்கை முடிவுகள் சிலரது விருப்பத்துக்கேற்ப அமையுமானால் அந்த அபாயம் இருப்பதாகவே அரசியல் அறிஞர்கள் கருதுகின்றனர்.

இந்தியாவில் நிலைமை என்ன?

உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 2022-23-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும், மொத்த சொத்து மதிப்பில் 40.1 சதவீதமும் மக்கள்தொகையில் முதல் 1 சதவீதத்தினரிடம் இருந்தன.

இதன் சாயல் மக்களவையிலும் தெரிகிறது. ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம் (ஏடிஆர்) வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஆராய்ந்து வெளியிட்ட தகவலின்படி, 2009-இல் வெற்றி பெற்றவர்களில் 58 சதவீதத்தினர் கோடீஸ்வரர்கள். 2024-இல் இது 93 சதவீதமாக உயர்ந்தது.

தேர்தல் பத்திரம் எவ்வாறு செயல்பட்டது?

2017-18 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், 2018 ஜனவரி 2-ஆம் தேதி அறிவிக்கை செய்யப்பட்டது. ரூ.1,000 முதல் ரூ.1 கோடி வரை ஐந்து மதிப்புகளில் பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே பத்திரங்களை விற்றது. தனிநபரோ நிறுவனமோ அவற்றை வாங்கி விரும்பிய கட்சிக்கு அளிக்கலாம். கட்சி 15 நாள்களுக்குள் பணமாக்க வேண்டும். நன்கொடையாளரின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியதில்லை.

ரொக்கமாகப் புழங்கும் கருப்புப் பணத்தைத் தடுத்து வங்கி வழியிலான நன்கொடையை ஊக்குவிப்பதும், நன்கொடையாளர்களைப் பழிவாங்கும் நடவடிக்கைகளிலிருந்து காப்பதுமே திட்டத்தின் நோக்கம் என மத்திய அரசு வாதிட்டது.

இதனுடன் மற்றொரு மாற்றமும் செய்யப்பட்டது. அதுவரை ஒரு நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஈட்டிய சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை மட்டுமே கட்சிகளுக்கு வழங்க முடியும். அந்த வரம்பு நீக்கப்பட்டதால், நஷ்டத்தில் இயங்கும் நிறுவனமும் எவ்வளவு தொகையையும் அளிக்க வழி ஏற்பட்டது.

நீதிமன்றம் கூறியது என்ன?

தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமித்துத் தீர்ப்பளித்தது. கட்சிகளுக்கு யார் நிதி அளிக்கிறார்கள் என்பதை அறிவது, அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) பிரிவு வழங்கும் உரிமையின் பகுதி என்று அமர்வு கூறியது. வரம்பற்ற நிறுவன நன்கொடையை அனுமதிப்பது 14-ஆவது பிரிவுக்கு முரணானது என்றும் தெரிவித்தது.

பொருளாதார ஏற்றத்தாழ்வு அரசியல் பங்கேற்பிலும் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. நன்கொடை அளிப்பவருக்குக் கொள்கை வகுப்போரை அணுகும் வாய்ப்பு கிடைக்கிறது. அது கைமாறாக மாறவும் கூடும் என்பதே தீர்ப்பின் சாரம். நன்கொடையாளர் யார் என்பதைக் கட்சி அறிந்துகொள்ளத் தடையேதும் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. அதாவது கொடுப்பவருக்குத் தெரியும். பெறுபவரும் அறிய முடியும். இருட்டில் இருந்தவர் வாக்காளர் மட்டுமே.

வெளியான தகவல்கள்

2019 ஏப்ரல் 12 முதல் விற்கப்பட்ட பத்திரங்களின் விவரங்களை வெளியிட நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கு ஜூன் 30 வரை அவகாசம் கோரிய ஸ்டேட் வங்கியின் மனு தள்ளுபடியானதைத் தொடர்ந்து, மார்ச் 14-ஆம் தேதி முதல்கட்ட விவரங்களையும், எந்தப் பத்திரம் எந்தக் கட்சியைச் சென்றடைந்தது என்பதைக் காட்டும் எண்களை மார்ச் 21-ஆம் தேதியும் தேர்தல் ஆணையம் வெளியிட்டது.

அதன்படி, பாஜக ரூ.6,000 கோடிக்கும் மேல் பெற்று முதலிடத்தில் இருந்தது. திரிணமூல் காங்கிரஸ் ரூ.1,600 கோடிக்கும் மேலும், காங்கிரஸ் ரூ.1,400 கோடிக்கும் மேலும் பெற்றன. கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் ரூ.1,368 கோடிக்குப் பத்திரங்களை வாங்கி முதலிடம் பிடித்தது. தாங்கள் பெற்ற ரூ.656.5 கோடியில் ரூ.509 கோடி அந்நிறுவனம் அளித்தது என திமுக தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரங்கள் மூலம் நிதி பெறவில்லை.

விற்பனையான பத்திரங்களின் மொத்த மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் ரூ.1 கோடி பத்திரங்களே. சாமானியர் வாங்கக்கூடிய ரூ.1,000 பத்திரம் பெயரளவிலேயே இருந்தது.

பத்திரம் வாங்கியதாலேயே ஒரு நிறுவனம் சலுகை பெற்றதாகக் கருத முடியாது. கைமாறு நடைபெற்றதா என்பதை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கக் கோரிய மனுக்களையும் 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

இன்னும் அடைபடாத இடைவெளிகள்

தீர்ப்பால் 7.5 சதவீத வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. எனினும், ரூ.20,000-க்கு மிகாத நன்கொடை அளிப்போரின் பெயர்களைக் கட்சிகள் தெரிவிக்க வேண்டியதில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் நிதி அளித்தோர் பட்டியலையும், நிதி பெற்ற கட்சிகளின் பட்டியலையும் வெளியிடுகின்றன. ஆனால், பலரது பணம் ஒன்றாகத் திரட்டப்படும்போது, யாருடைய பணம் எந்தக் கட்சிக்குச் சென்றது என்பதை அறிய இயலாது.

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ரூ.95 லட்சத்துக்கு மேல் செலவிடக் கூடாது. அதே வேட்பாளரை நிறுத்தும் கட்சியின் செலவுக்கோ உச்சவரம்பு ஏதுமில்லை.

செல்வந்தர்கள் அரசியலுக்கு வருவதோ, நன்கொடை அளிப்பதோ சட்டவிரோதமன்று. அந்தப் பணம் எங்கிருந்து எங்கு செல்கிறது என்பதை வாக்களிப்பதற்கு முன் வாக்காளர் அறிய முடிகிறதா என்பதே கேள்வி. தீர்ப்பின் பயனாக, 2024 மக்களவைத் தேர்தலின் முதல்கட்ட வாக்குப்பதிவு நடைபெற்ற ஏப்ரல் 19-ஆம் தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாக அந்த விவரங்கள் வாக்காளர்களுக்குக் கிடைத்தன என்பது குறிப்பிடத்தக்கது.