ஊருக்கு ஒரே பட்டியல்

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள அரும்பாவூர், கோயில் வாகனங்களையும் தெய்வ உருவங்களையும் மரத்தில் செதுக்கும் ஊராகப் பெயர் பெற்றது. அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் சிறப்பு அதன் பிறப்பிடத்தைச் சார்ந்தது என்று அரசு பதிவுசெய்து தரும் சட்டப் பாதுகாப்பு, 2020இல் கிடைத்தது. அதே வட்டத்தில் கத்தோலிக்கர் மிகுந்த அன்னமங்கலமும் முஸ்லிம்கள் மிகுந்த வி.களத்தூரும் உள்ளன. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கச் சென்றுவிட்ட வீடுகள் பெருகிவரும் இப்பகுதியில், முதுமையாலும் நோயாலும் தளர்ந்து தனித்திருப்போரைத் தாங்கும் பொறுப்பு எந்தச் சமயத்தாருக்கு உரியது என்று பிரித்துப் பார்ப்பதே பொருளற்றது. ஆயினும் உதவி இன்றும் பெரும்பாலும் அவ்வாறு பிரிந்தே செல்கிறது.

முஸ்லிம் ஜமாஅத்துகளில் பைத்துல்மால் எனப்படும் பொதுநிதி ஏழைகளின் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் துணைநிற்கிறது. வசதியுள்ளோர் தம் சேமிப்பில் ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கை அளிக்கும் கடமையான ஜகாத் பெரும்பாலும் முஸ்லிம் ஏழைகளுக்கே செல்கிறது. விருப்பக் கொடையாகிய சதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் செயல்படும் வின்சென்ட் தே பவுல் சபை, 1833இல் பாரிஸில் தோன்றியபோதே ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே சென்று காண்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002இல் தொடங்கப்பட்ட அன்னதானத் திட்டம் நண்பகல் உணவை வருவோருக்கு அளிக்கிறது என்றாலும், நடந்து வரக்கூடியவரே அந்தப் பந்தியில் அமர முடியும். படுக்கையில் கிடப்பவருக்கு அது எட்டுவதில்லை. இம்மூன்றும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பக்கூடியவை. ஒருவர் யாருக்கு உதவுகிறார் என்பதை மற்றவர் அறியாததால், ஒரே குடும்பத்துக்கு இருமுறை உதவி செல்வதும் அடுத்த வீட்டுக்கு எதுவும் செல்லாமற்போவதும் எளிதில் நேர்கின்றன.

சமய எல்லையைக் கடந்த ஆதரவு இம்மண்ணுக்குப் புதியதன்று. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில், இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயர் தமக்கு வந்த ராஜபிளவை என்னும் கொடிய கட்டி முனிவரின் மருந்தால் நீங்கியதற்கு நன்றியாக அக்கோயிலுக்கு நிலம் அளித்தார் என்பது அவ்வட்டார மரபு. இந்து ஆட்சியாளர் ஒருவரின் கொடையால் கிறித்தவத் தலம் ஒன்று நிலைபெற்றதை அம்மரபு இன்றும் பெருமையுடன் நினைவில் வைத்திருக்கிறது.

அண்மைக்கால வரலாறு அவ்வளவு இதமானதன்று. வி.களத்தூரில் கோயில் திருவிழா ஊர்வலம் செல்லும் தெருக்களைப் பற்றி எழுந்த பூசல் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, தெருக்கள் எல்லோருக்கும் பொது, சமயத்தைக் காட்டி அவற்றை ஒருவருக்கு மறுக்க இயலாது என்று 2021இல் தீர்ப்பானது. தீர்ப்பு வழியைத் திறக்கும். வழக்காடிய இரு தரப்பாரையும் மீண்டும் ஒரு வேலையில் சேர்த்துவைப்பது அதன் கையில் இல்லை. அமைதிக் கூட்டத்தில் கைகுலுக்குவதைக் காட்டிலும், வழக்கோடு தொடர்பே இல்லாத, யாரும் மறுக்க முடியாத பொதுப்பணி ஒன்றில் சேர்ந்து உழைப்பதே அதற்கு உறுதியான வழி.

பேரிடர் நாள்களில் அத்தகைய உழைப்பு தானாகவே பிறக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை ஜமாஅத், அக்கம்பக்கத்து மீனவக் குப்பங்களிலிருந்து வந்த இந்துக் குடும்பங்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்தது. கொரோனாக் காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, இறந்தவர் எச்சமயத்தவராயினும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தவர்களில் தமிழ்நாடு முழுவதும் முஸ்லிம் இளைஞர்கள் பலர் இருந்தனர். பேரிடர் முடிந்ததும் இந்தப் பழக்கம் கலைந்துவிடுவதுதான் வருத்தத்துக்குரியது. ஏனெனில் பக்கவாதத்தால் விழுந்த முதியவருக்கோ, கணவரை இழந்து தனியே வாழும் பெண்ணுக்கோ, ஒவ்வொரு சாதாரண நாளும் இடர் நாளே.

சாதாரண நாளுக்கான அமைப்பைக் கேரளம் கண்டறிந்தது. குணப்படுத்த முடியாத நோயிலும் வலியைத் தணித்து நோயாளியையும் குடும்பத்தையும் தாங்குவது வலிதணிப்புச் சிகிச்சை. கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சங்கமாகத் தொடங்கிய இப்பணி, மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக விரிந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் தம் பகுதியில் படுக்கையில் கிடப்போரைத் தேடிக் கண்டறிந்து வீடுகளுக்குச் செல்கிறார்கள். செலவின் பெரும்பகுதி உள்ளூரிலேயே சிறு சிறு தொகைகளாகத் திரட்டப்படுகிறது. மருத்துவரும் செவிலியரும் அந்தத் தொண்டர்களுக்குப் பின்னே வருகிறார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் கலந்து வாழும் அம்மாவட்டத்தில் இப்பணி எந்தச் சமய அமைப்பின் பெயரிலும் நடைபெறாததே எல்லோரையும் அதில் சேரவைத்தது. கேரள அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

அரும்பாவூர் வட்டாரத்தில் இதற்கான மருத்துவக் கை ஏற்கெனவே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கத் தாளும் துணையும் இல்லாதவர்களே விடுபடுகிறார்கள். மாத்திரையைக் கொண்டுவருபவரால் தினமும் கஞ்சி வைத்துத்தர இயலாது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன்செல்லவும் இயலாது. அந்த இடைவெளி அக்கம்பக்கத்தாருக்கு உரியது.

ஆகவே கோயில் நிர்வாகத்தாரும் பங்குப் பேரவையினரும் ஜமாஅத்தாரும், தம் நிதியைத் தம் முறைப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் பொதுவாக்கலாம்: தனித்து வாழ்வோர், படுக்கையில் இருப்போர், உதவித்தொகை கிடைக்காதோர் ஆகியோரின் பட்டியல். அதில் தெருப் பெயரும் தேவையும் இருக்கட்டும். சமயத்துக்கு ஒரு கட்டம் வேண்டாம். பெயர் வெளியாவதைச் சம்பந்தப்பட்டவர் விரும்பமாட்டார் என்பதால், மூன்று தரப்பிலும் நம்பிக்கைக்குரிய ஓரிருவரிடமும் கிராமச் செவிலியரிடமும் மட்டும் அது இருக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்கோ ரமலானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ காத்திராமல், வரும் மாதத்திலேயே ஒரு தெருவிலிருந்து இதைத் தொடங்குமாறு இவ்வட்டாரப் பெரியவர்களை வேண்டுகிறோம்.